ஆளில்லாமல் ஓடிய ஷூவும் பாதியில் நின்ற கதையும்

நம்புறவங்க அந்தச் சிமெண்ட் பெஞ்சுல உக்காருங்க, நம்பாதவங்க நின்னுக்கிட்டே கேளுங்க, ரெண்டு பேருக்கும் ஒரே டம்ளர்தான், ஒரே கசப்புதான். என் பேரு செல்லக்கனி. தென்காசிப் பக்கம் எங்க ஊரு ஹைஸ்கூல் கிரவுண்டு கேட்டுக்கு வெளிய, வாகை மரத்தடியில, பதினோரு வருசமா காலையில அஞ்சு மணிக்குத் தள்ளுவண்டிய நிறுத்தி அருகம்புல்லு, வாழைத்தண்டு, நெல்லிக்கான்னு சாறு விக்கேன். இந்த ஊர்ல எவன் எத்தனை நாள் ஓடுதான், எத்தனாவது நாள் நிறுத்துதான், நிறுத்துனதுக்கு மறுநாள் என்ன காரணம் சொல்லுதான்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவன் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. சனவரி ஒண்ணாந்தேதி எனக்கு நாப்பது டம்ளர் பத்தாது, பொங்கலுக்குள்ள எட்டு டம்ளர் தாராளமாப் போதும். அப்படிப்பட்டவ சொல்லுதேன், போன வருசம் சாரல் காலத்துல எங்க கிரவுண்டுல ஒரு ஜோடி ஷூ, உள்ள காலே இல்லாம, நாப்பத்தோரு நாள் ஓடுச்சு.

ஷூ யாருதுன்னா, டைம் கீப்பர் கோமதிநாயகத்துது. பஸ் ஸ்டாண்டுல பிரைவேட் பஸ்சுக்கெல்லாம் அவருதான் டைம் கீப்பர். கழுத்துல விசிலு, கையில நீள நோட்டு, நோட்டுல ரெண்டு கட்டம், ஒண்ணு வருகை, ஒண்ணு புறப்பாடு. ரெண்டு நிமிசம் லேட்டா வந்த டிரைவர்கிட்ட ரெண்டு நாள் பேசமாட்டாரு. ஊரு வண்டிய எல்லாம் நேரத்துக்குப் போக வச்ச அந்த மனுசன், தான் கெளம்புன எந்த எடத்துக்கும் போய்ச் சேர்ந்ததில்ல. கெட்டவரில்ல பாவம், ஆரம்பிக்கறதுல சூரன். பாட்டுக் கத்துக்கிடணும்னு ஆர்மோனியம் வாங்குனாரு, ச ரி க வரைக்கும் போயி ம வராம மூடிட்டாரு. இந்தி புஸ்தகம் வாங்குனாரு, இரும்புக் குண்டு வாங்குனாரு, யோகாவுக்குப் பாய் வாங்கி அதுல மத்தியானம் தூங்குனாரு. வருசத்துக்கு ஒண்ணா ஒம்பது டயரி எழுதுனாரு, ஒம்பதுல ஒண்ணுலயும் பொங்கல் வரல.

அவரு வீட்டுக்காரி உலகம்மாள், ஊரே உலகுன்னு கூப்பிடும். அவ ஒரு நாளும் சத்தம் போட்டதில்ல. பாதியில விட்ட ஒவ்வொரு சாமானையும் நல்லாத் தொடச்சு, பழைய வேட்டியில சுத்தி, ஏணி போட்டுப் பரண்ல ஏத்தி வச்சிருவா. இருபத்தியோரு வருசத்துல அந்தப் பரண் கல்யாண வீட்டுச் சாமான் அறை கணக்கா ரொம்பிப் போச்சு.

போன சித்திரையில பஸ் கம்பெனிக்காரங்க ஒரு கூட்டம் போட்டு, கோயமுத்தூர்லருந்து கோட்டு போட்ட ஒருத்தர வரவச்சுப் பேசச் சொன்னாங்க. இருபத்தோரு நாள் ஒரு காரியத்த நீங்க விடாமச் செஞ்சா, அப்புறம் அது உங்கள விடாதுன்னு அவரு மேசையத் தட்டிச் சொன்னாராம். அதக் கேட்டுட்டு நேரா கடைக்குப் போயி ஷூ வாங்கிட்டு வந்தாரு கோமதிநாயகம். சாம்பக் கலரு, ரெண்டு பக்கமும் ஆரஞ்சுக் கோடு, அடியில பச்சை ரப்பர். மூணு நாள் ஓடுனாரு. நாலாம் நாள் முட்டி வலின்னாரு, அஞ்சாம் நாள் அமாவாசைன்னாரு, ஆறாம் நாள் ஷூ கடிக்குன்னாரு. அதோட அது கதவுக்குப் பின்னால போயிட்டு.

உலகு ஒரு மாசம் அதச் சுத்திச் சுத்திப் பெருக்குனா. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் கையில பழைய வேட்டியோட வந்து நின்னு, "பரண்ல இன்னும் ஒரு எடந்தான் கெடக்கு, ஆர்மோனியத்துக்கும் டயரிக்கும் நடுவுல. நாளைக்கு இத ஏத்திருதேன்"ன்னு சொன்னா. அவரு பேப்பருக்குப் பின்னாலருந்து, "ஏத்து"ன்னாரு. ஷூவுக்குக் காது உண்டான்னு எங்கிட்டக் கேக்காதீங்க. பரண்ணு சொன்னா எதுக்கும் காது வந்துரும்.

மறுநாள் காலையில நான் அருகம்புல்ல அரைச்சுக்கிட்டிருக்கேன், கேட்டுப் பக்கம் தொப்பு தொப்புன்னு சத்தம் வருது. பாத்தா ஆரஞ்சுக் கோடு. வலது முன்ன, இடது பின்ன, மறுபடி இடது முன்ன, வலது பின்ன, வேட்டி இல்ல, கால் இல்ல, மனுசன் இல்ல, ஷூ மட்டும் தன்பாட்டுக்கு வந்து, கேட்டுக்கிட்ட ஒரு நிமிசம் நின்னு, உள்ள போயி ஓட ஆரம்பிச்சுட்டு. நான் சாற வடிகட்டுனேன். எனக்கென்ன வந்துச்சு, சாறு குடிக்காத ஆளு எனக்கு வாடிக்கை இல்லலா. ஓடி முடிச்சு அது வீட்டுக் கதவுக்குப் பின்னாலயே போயி நின்னுச்சாம், அடியில ஈர மண்ணப் பாத்துட்டு உலகு அதப் பரண்ல ஏத்தலையாம்.

எங்க ஊர் நடையோட்டச் சங்கத்துச் செயலாளர் சாலமோன் சார், தபாலாபீஸ்ல போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. இந்தப் பெஞ்சுல உக்காந்துதான் வருகைப் பதிவேடு எழுதுவாரு. இருட்டுப் பிரியாத நேரம், பாம்பு கெடக்கும்னு டார்ச்சத் தரையிலதான் அடிப்பாரு, அதனால அவருக்கு ஒருத்தர் முகமும் தெரியாது, செருப்பு வச்சுத்தான் ஆளு. வார் அறுந்த செருப்பு ஜவுளிக்கடை பால்துரை, நீல கேன்வாசு காலேஜ் வாத்தியாரு, ஆரஞ்சுக் கோடு கோமதிநாயகம். டார்ச்சு வெளிச்சத்துல ஆரஞ்சுக் கோடு போச்சு, சாரும் "வாங்க கோமதிநாயகம்"னு சொல்லிக்கிட்டே வருகை போட்டாரு. பதினாலு நாள் போட்டாரு. மத்தவங்களும் விடிஞ்சப்புறம் பாக்கத்தான் செஞ்சாங்க, ஆனா கால் இல்லாத ஷூ ஓடுதுன்னு மொதல்ல சொல்லுதவனுக்குத்தான் சக்கரை ஏறிட்டுன்னு அர்த்தம் ஆயிருமேன்னு ஆளாளுக்கு வாய மூடிக்கிட்டு அது பின்னாலயே ஓடுனாங்க.

பதினஞ்சாம் நாள் பால்துரைக்குப் பொறுக்கல. அவரு அதுக்கு முந்துன வருசம் அதிக வருகைக்குக் கேடயம் வாங்குனவரு. "சார், வருகை போடுதீகளே, ஆளு எங்க இருக்கு?"ன்னு கேட்டுட்டாரு. சாலமோன் சார் டார்ச்ச மேல தூக்கிப் பாத்தாரு, கீழ எறக்கிப் பாத்தாரு, பதிவேட்டப் பாத்தாரு.

"முப்பத்தாறு வருசம் என் கையெழுத்துல ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது. எழுதுனது எழுதுனதுதான்."

"ஆளே வரலையே சார்."

"நீரு ஆளா வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்து அரட்டை அடிச்சுட்டுப் போறீரு, உமக்கும் வருகை போட்டிருக்கேன்லா. இது தெனம் பத்து சுத்து ஓடுது."

அதோட பேச்சு முடிஞ்சுது. சங்கத்துல ஒரு தீர்மானம் போட்டாங்க, ஷூவுக்கு முன்னால யாரும் எச்சி துப்பக் கூடாது, அது ஓடுத உள்சுத்துல யாரும் போன் பேசிக்கிட்டு நடக்கக் கூடாதுன்னு. நாய்ங்க மொத ரெண்டு நாள் கொலைச்சு, மூணாம் நாள் மோந்து பாத்து, நாலாம் நாள் கூடவே ஓட ஆரம்பிச்சுட்டு. லாரி டிரைவர் ஒருத்தரு கண்ணு படக் கூடாதுன்னு எலுமிச்சம்பழமும் மொளகாயும் கோத்து கயித்துல கட்டி விட்டாரு. சாரல்ல நனைஞ்ச அன்னைக்குப் பேப்பரச் சுருட்டி உள்ள திணிச்சது யாருங்கீங்க, அதே பால்துரைதான். காலேஜ் வாத்தியாரு பக்கத்துல குனிஞ்சு, இன்னையோட சிகரெட்ட விட்டுருதேன்னு அதுகிட்ட ரகசியமாச் சத்தியம் பண்ணுனாரு, நான் எங்காதால கேட்டேன். ஊர்ல பாதிப்பேரு அவங்கவங்க வீட்டுல சும்மா கெடந்த ஷூவுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுப் பரணப் பத்திச் சத்தமாப் பேசிப் பாத்தாங்க. மாடி வீடு, பரணே கெடையாது, அவங்களும் பேசுனாங்க. ஒண்ணும் அசையல. அதுக்கெல்லாம் உலகு சொல்லணும்போல.

இப்ப கோமதிநாயகத்தப் பாப்போம். அவருக்கு விசயம் தெரிஞ்சது இருபதாம் நாளா இருக்கும், ஆனா அத அவரு ஒரு செய்தியா எடுத்துக்கிடல. தன் பேர்ல ஓட்டம் நடக்கு, ரெஜிஸ்டர்ல ஒரு நாளும் விடுதல் இல்ல, அப்ப ஓடுனது தானுதான்னு மனச ஆறுதல் படுத்திக்கிட்டாரு. பஸ் ஸ்டாண்டுல ஆளாளுக்குக் கை குடுத்தாங்க, வாங்கிக்கிட்டாரு. கம்பெனிக்காரங்க அவருக்கு ஒரு சால்வை போத்தி, டிரைவருக்கு எல்லாம் ஒழுக்கத்தப் பத்தி நாலு வார்த்தை பேசச் சொன்னாங்க. அரை மணி நேரம் பேசுனாரு. "காலையில அலாரம் அடிச்சதும் மனசு படுன்னு சொல்லும், அது சொல்றதக் கேக்காதீங்க"ன்னாரு. அன்னைக்குக் காலையில அவரு எந்திரிச்சது ஏழே முக்காலுக்கு. சக்கரை டெஸ்டுக்குப் போனா டாக்டரம்மா, "தெனம் ஓடுதேங்கீக, ஒரு புள்ளிகூடக் குறையலையே"ன்னு கேட்டிருக்கு. ஷூவோட அடி ரப்பரு தேய்ஞ்சிருந்துச்சு, இவரு தொப்பை அப்படியேதான் இருந்துச்சு.

இதுக்கு நடுவுல, பதினெட்டாம் நாளு, ஷூக்கயிறு அவுந்து போச்சு. மொத மூணு சுத்துலயே நாலு தடவை தட்டிக் குப்புற விழுந்துச்சு, பாக்கவே சங்கடமா இருந்துச்சு. ஆனா யாரும் கிட்டப் போகல, எலுமிச்சம்பழமும் பேப்பரும் இதுக்கப்புறந்தான். அடுத்தவன் செருப்பக் கையால தொடுறதா, அதுவும் குனிஞ்சு கயிறு கட்டுறதா, எங்க ஊர்ல அது வீட்டுக்காரி சமாச்சாரம். சாலமோன் சார் உலகுக்கு ஆள் சொல்லிவிட்டாரு. அவ அடுப்ப அணைச்சுட்டு வந்தா. கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தப்புறம் ஆறு மணிக்கு முன்னால அவ வாசல் தாண்டுனது அன்னைக்குத்தான்.

ஷூ நிக்கல, இவ கூப்பிட்டா, அது ஓடிக்கிட்டே இருக்கு. சேலைக் கொசுவத்தத் தூக்கிச் செருகிக்கிட்டு, செருப்பக் கழட்டி என் வண்டிக்கு அடியில போட்டுட்டு, அது பின்னால ஓடுனா பாருங்க, நான் டம்ளர் கழுவுறத விட்டுட்டு நின்னுட்டேன். காய்கறி வாங்கப் போற ஓட்டம் இல்ல அது. முதுகு நிமிர்ந்து, கை ரெண்டும் இடுப்ப ஒட்டி, குதி மண்ணுல படாம, அரை சுத்துல ஷூவப் பிடிச்சுட்டா. உக்காந்து ரெட்டை முடிச்சுப் போட்டா. அப்புறம் வீட்டுக்குப் போவான்னு பாத்தா, போகல, அது கூடவே மிச்ச ஆறு சுத்தும் ஓடிட்டுத்தான் போனா.

மறுநாளும் வந்தா, முடிச்சு அவுந்துருமேன்னு. அதுக்கு மறுநாள் நாய்க்குப் பயந்து வந்தேன்னா. அப்புறம் காரணம் சொல்லுததையே விட்டுட்டா, அண்ணன் மக சுடிதார வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தா. ஓடி முடிச்சு, வாகை மரத்தடியில உக்காந்து, பக்கத்துல ஷூவ நிறுத்தி வச்சுக்கிட்டு அதுகிட்டப் பேசுவா. நான் ஒட்டுக் கேக்கல, என் காது அங்கன இருந்துச்சு. அரிசி பொங்காம விரைச்சுப் போனது, அவ அம்மைக்குக் கண்ணு ஆப்பரேசன் ஆனது, பக்கத்து வீட்டுக்காரி கெணத்தடியில வழுக்குனது, சின்ன வயசுல சண்டை போட்ட சேக்காளி ஒருத்தி போன வாரம் போன்ல அழுதது. சின்னச் சின்ன விசயந்தான். ஷூ அசையாம நின்னு கேக்கும். கேக்க ஒரு ஆளு இருந்தா மனுசிக்கு எவ்வளவு பேச்சு இருக்குன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, எனக்குக் கொஞ்சம் பொறாமையாக்கூட இருந்துச்சு.

வீட்டுல காப்பி லேட்டாச்சு. ஒரு நாள் பத்து நிமிசம், ஒரு நாள் இருபத்தஞ்சு நிமிசம். டைம் கீப்பருக்குத் தாங்குமா. முப்பதாம் நாளு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, செருப்புக்கூடப் போடாம வந்துட்டாரு. வந்தவரு என் வண்டிக்குப் பின்னால நின்னாரு. அவ முதுகக் காட்டி உக்காந்திருக்கா, அவரு வந்தது தெரியாது.

"...பாத்திமா டீச்சர்தான் கூட்டிட்டுப் போனாங்க"ன்னு அவ ஷூகிட்டச் சொல்லிக்கிட்டிருக்கா. "பத்தாங்கிளாசுல ஜில்லாவுக்கே நான்தான் பர்ஸ்ட்டு. எண்ணூறு மீட்டர். திருச்சியில ஸ்டேட் மீட்டு. நான் ரயில்ல ஏறுனதே அன்னைக்குத்தான். அங்க பிள்ளைங்க எல்லாம் ஷூ போட்டிருக்கு, நான் மட்டும் வெறுங்கால். கோட்டுல நிக்கோம். விசில் ஊதுனாங்க..."

அங்கன நிறுத்திட்டா. நாய் ஒண்ணு வால ஆட்டிக்கிட்டு என் வண்டிப் பக்கம் பாத்துச்சு, அவளும் திரும்பிட்டா.

"உலகு, நீ ஓட்டக்காரியா?"ன்னு கேட்டாரு கோமதிநாயகம். வண்டிக்குப் பின்னாலருந்து வெளிய வந்தாரு.

"இதச் சொல்லியிருக்கேனே. கல்யாணம் ஆகி ஏழாம் நாள் சொன்னேன். விசில் ஊதுனாங்கங்கிற எடத்துல நீங்க கொறட்டை விட்டுட்டீக."

"மீதி என்ன?"

அவ கோபமாச் சொல்லல, அதான் பெருசு. பரண்ல சாமான் ஏத்துவாள்லா, அதே அமைதியோட சொன்னா. "அது கேக்கவங்களுக்கு. ஆடி ஞாயித்துக்கிழமை சங்கம் நடத்துத பந்தயத்துல ஓடி முடிச்சுட்டு, முடிவுக் கயித்துக்கிட்ட வச்சு இதுக்குச் சொல்லுதேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்." எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டுப் போயிட்டா, ஷூவும் கூடப் போயிட்டு.

கோமதிநாயகம் பெஞ்சுல உக்காந்து ஒரு டம்ளர் சாறு வாங்குனாரு. அது அவருக்குப் பிடிக்காது, ஆனா முகம் சுளிக்காமக் குடிச்சாரு. "செல்லக்கனி, என் பேர்ல அது ஓடுச்சு, சரின்னு விட்டேன். என் சால்வையகூட அதுக்குப் போத்தியிருவேன். ஆனா மீதியையும் அதுகிட்டச் சொல்லிட்டான்னா, அப்புறம் அந்த வீட்டுல நான் யாரு"ன்னாரு. நான் ரெண்டாவது டம்ளர ஊத்திக் குடுத்தேன்.

மறுநாள் அஞ்சரைக்கு ஆளு வந்துட்டாரு. மொதல்ல ஷூவுக்குள்ள கால நுழைச்சுப் பாத்தாரு. அது நாக்க உள்ளுக்கு இழுத்துக்கிட்டு வாயக் குறுக்கிக்கிட்டு, விரலக்கூட விடல. ரெண்டு பேரு பிடிச்சாங்க, சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தாங்க, முடியல. சரி, வெறுங்காலோட சேர்த்துக்கிடுங்கன்னு சாலமோன் சார்கிட்டப் போயி நின்னாரு.

"பேரு?"

"கோமதிநாயகம், டைம் கீப்பர்."

"அந்தப் பேர்ல ஒரு உறுப்பினர் இருக்காரே. ஒரு நாள் லீவு கெடையாது, நல்ல மனுசன்."

"சார், அது நான்தான்."

"நீங்கன்னா இந்த முப்பது நாளும் எங்க இருந்தீக?"

"வீட்டுல. தூங்கிக்கிட்டு."

"அப்ப அவரு வேற ஆளு"ன்னு சொல்லி மூக்குக் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டாரு சார். கடைசியில, பேரில்லாத விருந்தாளியா வெளிச்சுத்துல ஓடிக்கிடலாம், பதிவு கெடையாதுன்னு எறங்கி வந்தாரு. அப்படித்தான் கோமதிநாயகம் ஓடுனாரு. மொத நாள் ஒரு சுத்து, ரெண்டாம் நாள் ஒரு சுத்து, மூணாம் நாள் ஒண்ணே கால். நாலாம் நாளு முட்டி வலிச்சுது, வந்தாரு. அஞ்சாம் நாளு அமாவாசை, வந்தாரு. ஆறாம் நாளு கடிக்கதுக்கு ஷூ இல்ல, முள்ளுதான் கடிச்சுது, நொண்டிக்கிட்டே வந்தாரு. யாருல இது, உலகு பின்னாலயும் ஷூ பின்னாலயும் ஒரு தொப்பைக்காரன் தெனம் சுத்துதான்னு புதுசா வந்த ஆளுங்க சண்டைக்கே போயிட்டாங்க. உலகு அவ பாட்டுக்கு ஓடுனா. ஆனா பத்தாவது நாளு, அவரு வாகை மரத்தப் பிடிச்சுக்கிட்டு இளைக்கையில, என்கிட்ட, "அக்கா, அந்த விருந்தாளிக்கு ஒரு நெல்லிக்கா சாறு குடுங்க, அருகம்புல்லு அவருக்கு ஒத்துக்கிடாது"ன்னுட்டுப் போனா.

ஆடி மாசத்து ஞாயிறு வந்துச்சு. ஷூவுக்கு அது நாப்பத்தோராம் நாளு. பந்தயம் கிரவுண்டுல ஆரம்பிச்சு, பெரிய குளத்துக் கரையச் சுத்தி, மடை திரும்பி, மறுபடி கிரவுண்டு, அஞ்சு கிலோமீட்டர். சங்கத்து ஆளுங்க முப்பத்திரெண்டு பேரு, உலகு, கோமதிநாயகங்கிற பேர்ல ஷூ. நெசமான கோமதிநாயகத்துக்கு நம்பர் அட்டை கெடையாது. அதுக்குப் பதிலா சாலமோன் சார் அவரு கையில ஒரு வேலையக் குடுத்தாரு. "நீரு டைம் கீப்பர்லா, கயித்துக்கிட்ட உக்காந்து வருகை எழுதும்." வாங்கிக்கிட்டாரு. வாங்கிக்கிட்டுச் சேர்ல உக்காந்து, நோட்டத் தொறந்து, ரெண்டு கட்டம் போட்டாரு. பாத்துக்கிட்டே இருந்தேன். ஆயுசு பூராவும் இப்படித்தானய்யா உக்காந்திருக்கீருன்னு கேட்டுருவமான்னு நெனச்சேன்.

ஆறரைக்கு சார் விசில் ஊதுனாரு. அந்த விசில் சத்தங் கேட்டதும் கோமதிநாயகம் எந்திரிச்சுட்டாரு. நோட்டையும் பேனாவையும் கைக்கடியாரத்தையும் கழட்டி என் வண்டி மேல வச்சுட்டு, "செல்லக்கனி, நீ எழுது"ன்னு சொல்லிட்டு, வெள்ளைப் பனியனோட, வெறுங்காலோட, எல்லாருக்கும் கடைசியில ஓடிப் போனாரு. நான் மொதல் கட்டத்துல அவரு பேரத்தான் எழுதுனேன். புறப்பாடு 6.31.

குளத்தங்கரைய எட்டையில சாரல் பலமாப் பிடிச்சுக்கிட்டு. சங்கத்து ஆளுங்களப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே, பால்துரை மொதக்கொண்டு முப்பத்திரெண்டு பேரும் கரைமேல இருக்க மண்டபத்துல ஒதுங்கி, பஜ்ஜிக்கடைக்காரனக் கூப்பிட்டுட்டாங்க. நிக்காமப் போனது உலகும் ஷூவும். ரெண்டும் சோடி போட்டு வந்து மடைகிட்டத் திரும்புனது எங்களுக்கு நல்லாத் தெரிஞ்சுது. அங்கனருந்து கயித்துக்கு இருநூறு அடி இருக்குமா. அந்த எடத்துல உலகு திரும்பிப் பாத்தா. பாத்துட்டு, அப்படியே நின்னுட்டா. ஷூவும் நின்னுட்டு.

கயித்துக்கிட்ட நின்ன சனமெல்லாம் வா வான்னு கூப்பிடுது. அவ வரல. சாரல்ல நனைஞ்சுக்கிட்டு, ஆள் இல்லாத கரையப் பாத்துக்கிட்டு நிக்கா. எனக்குக் காரணம் புரியல. கடியாரத்துல முழுசா ஒரு நிமிசம் ஓடுச்சு. அப்பத்தான் தூரத்துல, குளத்துக்கு அந்தக் கடைசியில, வெள்ளையா ஒரு புள்ளி தெரிஞ்சுது. அது மண்டபத்துக்குள்ள ஒதுங்கல, மண்டபத்தத் தாண்டி வந்துச்சு. நொண்டுச்சு, வழுக்குச்சு, எந்திரிச்சு மறுபடி வந்துச்சு. உலகு அதப் பாத்தா. பாத்துட்டுத் திரும்புனா பாருங்க, அந்த இருநூறு அடியையும் பத்தாங்கிளாசுப் பிள்ளையா ஓடி வந்து கயித்த நெஞ்சால அறுத்தா. வருகை 6.59.

ஷூ கூட வரல. கயித்துக்கு ரெண்டு அடி இந்தப் பக்கம் நின்னு, பின்பக்கமாத் திரும்பிக்கிட்டு. மழை பேஞ்சதால சாலமோன் சார் கயித்தச் சுருட்ட ஆரம்பிச்சாரு, மத்தவங்கதான் பஜ்ஜி திங்காங்களே. உலகு மூச்சு வாங்கிக்கிட்டே, "கயித்தக் கட்டுங்க சார். இன்னும் ஒரு வண்டி வரணும்"ன்னா. சார் மறுபடி கட்டுனாரு. கட்டிட்டு, குடையப் பிடிச்சுக்கிட்டு, எங்களோட நின்னு பாத்தாரு.

வந்தாரு. ரெண்டு காலுலயும் ரத்தம், பனியன்ல சகதி, ஆனா நடக்கல, ஓடித்தான் வந்தாரு. வருகை 7.24ன்னு நான் எழுதுனேன். முப்பத்திரெண்டு பேரும் மண்டபத்துல கெடந்ததால அன்னைக்கு ரெண்டாம் பரிசு பேரில்லாத விருந்தாளிக்குத்தான். கயித்தத் தாண்டி அப்படியே தரையில உக்காந்தாரு. ஷூ மெதுவா ரெண்டு அடி வச்சு அவரு பாதத்துக்கிட்ட வந்துச்சு. உலகு போட்டு வச்ச ரெட்டை முடிச்சு தானே அவுந்துச்சு, நாக்கு வெளிய வந்துச்சு. அவரு கால விட்டாரு, வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு.

அதுலருந்து அது வெறும் ஷூதான். அவரு போட்டா ஓடும், போடலைன்னா கெடக்கும். சாலமோன் சார் மறுநாள் பதிவேட்டுல நாப்பத்திரெண்டாவது வருகையப் போட்டாரு, அதே பேரு, அதே வரி, அடித்தல் திருத்தல் இல்லாம. போன செவ்வாக்கிழமை மழைன்னு கோமதிநாயகம் போர்வைய இழுத்துப் போத்தியிருக்காரு. பரண் மேல ஆர்மோனியம் லேசா ஒரு 'ம' போட்டுச்சாம். அஞ்சே நிமிசத்துல இங்கன வந்து நின்னாரு, பல்லுகூட விளக்கல.

சரி, டம்ளர வச்சுட்டுக் கெளம்புங்க. என்ன, கெளம்பிட்டீகளா. உலகு கதையில மீதி என்னன்னு ஒருத்தரும் கேக்கலையே, நீங்களும் அந்த ரகந்தானா. கேக்கவங்க மட்டும் உக்காருங்க.

அன்னைக்கு இதே பெஞ்சுல, ஷூவக் கழட்டி வச்சுட்டு, அவரு காலுல தச்ச முள்ள ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே சொன்னா. "விசில் ஊதுனாங்க. மொத சுத்துல நடுவுல இருந்தேன். ரெண்டாவது சுத்துல ஒவ்வொருத்தியாத் தாண்டிட்டேன். கடைசி வளைவு தாண்டி வந்தா, பின்னால காலடிச் சத்தமே கேக்கல. திரும்பிப் பாத்தேன், பக்கத்துல ஒரு பிள்ளையும் இல்ல. அவ்வளவு முன்னால வந்துட்டோம்னு எனக்குத் தோணல. பந்தயம் முடிஞ்சுபோச்சு, எல்லாரும் போயிட்டாங்க, நான்தான் தெரியாம இன்னும் ஓடிக்கிட்டிருக்கேன்னு நெனச்சுட்டேன். வெக்கமாப் போச்சு, நின்னுட்டேன். கயிறு இருபது அடியில இருந்துச்சு. எங்கருந்தோ ரெண்டு பிள்ளைங்க வந்து என்னத் தாண்டிப் போயிட்டு."

ஒரு முள்ள எடுத்துத் தூரப் போட்டா.

"இன்னைக்கும் மடைகிட்ட வந்ததும் கால் அதேபோல நின்னுட்டு. திரும்பிப் பாத்தேன். நீங்க வந்துக்கிட்டிருந்தீக."

கோமதிநாயகம் தூங்கல. ஒரு தடவகூடக் கண்ண மூடல. துண்டால முகத்தத் தொடச்சாரு, சாரல்னு சொல்லிக்கிட்டாரு, நாங்களும் சரி சாரல்தான்னு விட்டுட்டோம். அவ முகத்தப் பாத்து, "அப்புறம்?"னு கேட்டாரு.

இருபத்தியோரு வருசமா அவ அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தா. கேட்டதும் எந்திரிச்சு, அவரு கையப் பிடிச்சுத் தூக்கி விட்டு, "நடங்க, வீடு வரைக்கும் சொல்லுதேன்"னா.